அஞ்சு கட்சிக்காரர் அல்லால்

விளக்கு பச்சைக்கு மாறிய பிறகும் ஐந்து எண்ணி முடிக்கும்வரை அல்லாலின் வண்டி நகராது. பின்னால் சிவப்பு டாக்ஸிகள் ஹாரனை அலறவிடும். டிராம் மணியடிக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மாணவிக்கு உள்ளங்கை வேர்த்து வழுக்கும். அல்லால் மட்டும் பக்கத்து இருக்கையில் முழங்காலை விரலால் தட்டிக்கொண்டிருப்பார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... பொறும்மா, அவன் கத்தினா கத்தட்டும். நாலு... இப்ப மூச்சை இழு... அஞ்சு! விடு கிளட்சை!"

இப்படி வண்டி கற்றுக்கொண்டவர்கள் காஸபிளாங்காவில் இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். எந்த சிக்னலிலும் அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். பச்சை விழுந்தும் நகராமல், உதட்டை அசைத்தபடி ஒருத்தர் உட்கார்ந்திருந்தால், "அல்லால் வீட்டுப் பிள்ளை போல" என்று டாக்ஸிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சுற்றிப் போவார்கள்.

புகார் எல்லாம் பஹீஜாவுக்குத்தான் வரும். டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவள் அவள். அல்லாலுக்கு மனைவியாகி முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. "ஆமாங்க, எங்க வண்டிதான். ஆமாங்க, அவர்தான். இல்லைங்க, மயக்கமெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அந்த மூன்று வாக்கியமும் அவளுக்குத் தூக்கத்திலும் வரும்.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று அல்லாலிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். 'உப்புப் பறவைகள்' என்று ஒரு ராக் இசைக்குழு. எழுபத்தைந்தாம் வருஷம் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. பாட்டு ஹத்தாப், கிதார் வஹ்பி, டிரம்ஸ் மாத்தி. அவர்களின் முதல் கேசட்டில் 'துறைமுக வாசல்' என்றொரு பாட்டு உண்டு. அதில் இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். கணக்குப்படி நாலு எண்ணும் நேரம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கேசட்டில் ஐந்து எண்ணும் நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும். கச்சேரியில் அந்த அமைதியின் முடிவில் மைதானம் முழுக்க ஒரே ஒரு கைதட்டு தட்டும். அந்தத் தட்டில்தான் பாட்டு மறுபடி எழுந்திருக்கும். அது ரசிகர்களின் உரிமை. மேடையில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

எண்பத்து நான்கில் மாத்தி சாலை விபத்தில் செத்துப்போனார். அடுத்த இரண்டு வருஷத்தில் ஹத்தாபும் வஹ்பியும் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு குழு வைத்து, இரண்டுக்கும் 'உப்புப் பறவைகள்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஐந்தாவது எண்ணிக்கை மாத்தியின் கலை, வேண்டுமென்றே வைத்தது என்று ஹத்தாப் சொன்னார். கையிலிருந்த குச்சி நழுவி விழுந்ததால் குனிந்து எடுத்தான், அதனால் வந்த தாமதம், அதைப் போய்க் கும்பிடுவானேன் என்று வஹ்பி சொன்னார். அன்றிலிருந்து ஹத்தாப் குழு ஐந்து எண்ணுகிறது, வஹ்பி குழு நாலு எண்ணுகிறது. ரசிகர்களும் அப்படியே இரண்டாகப் பிளந்தார்கள். அஞ்சு கட்சி, நாலு கட்சி. கண் இமைக்கும் நேர அமைதியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக முகத்தில் விழிக்காமல் இருக்கிறார்கள். இதை விட உருப்படியான காரணத்துக்கு நாடுகள்கூடச் சண்டை போட்டதில்லை என்று அவர்களுக்கு நினைப்பு என்பது பஹீஜாவின் அபிப்பிராயம்.

அல்லாலுக்கு வயது அறுபத்து நான்கு. முன்மண்டையில் முடி போய்விட்டது. பின்னால் இருப்பதை வளர்த்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார். கோடையானாலும் நீல ஜீன்ஸ் ஜாக்கெட்தான். முதுகில் சிறகு விரித்த ஒரு வெள்ளைப் பறவை, பஹீஜா தைத்துக் கொடுத்தது. தொப்பை வளர வளர ஜாக்கெட்டின் ஓரத்தைப் பிரித்துப் புதுத் துணி வைத்ததில், பறவையின் இரண்டு சிறகும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்விட்டன. "பறக்க இன்னும் வசதிதானே" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். வண்டியை மாற்ற மாட்டார். புது வண்டியில் கேசட் போட வழி கிடையாது. வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்று நாலு மாதமாகிறது, அதற்கு பேட்டரி வாங்கிப் போட நேரமில்லை. ஹத்தாப் எந்த ஊரில், எந்த மேடையில், எத்தனை மணிக்கு ஏறுகிறார் என்று மட்டும் விரல் நுனியில் இருக்கும். அதிலும் வேடிக்கை, வஹ்பி குழுவின் தேதிகள் இன்னும் துல்லியமாகத் தெரியும். தப்பித்தவறிக்கூட அந்தப் பக்கம் போய்விடக் கூடாதல்லவா.

கல்யாணமான புதிதில் அகாதிருக்குக் கூட்டிப்போனார். கடற்கரை, சூரியன், வறுத்த மீன் என்று பஹீஜா கனவில் மிதந்துகொண்டிருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது, அதே ஊரில் ஹத்தாப் மூன்று நாள் கச்சேரி செய்கிறார் என்று. மூன்று நாளும் முதல் வரிசை. தேனிலவுப் படம் என்று அவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதில் அவளுக்கும் அல்லாலுக்கும் நடுவில் ஹத்தாபின் டிரம்ஸ்காரர் நிற்கிறார்.

அதே மாதம் அவள் ஒரு பொய் சொன்னாள். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள். அல்லால் அவள் காதில் ஹெட்போனை மாட்டி, கேசட்டின் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து, கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. மாத்தி மூச்சு இழுக்கறான் பாரு. கேக்குதா?"

அவளுக்கு ஏதோ கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி இருந்தது. அதுகூட நிச்சயமில்லை. புதுப்பெண். அவர் முகம் வேறு அப்படிக் கெஞ்சியது.

"கேக்குது" என்றாள்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போன் ஏறுகிறது. "என் பொண்டாட்டிக்கு முதல் தடவையே கேட்டுடுச்சு!" என்று அவளைச் சாட்சிக்கு இழுக்கிறார்.

போன வருஷம் நகராட்சித் திடலில் ஹத்தாபின் கச்சேரிக்கு அவளையும் இழுத்துப் போனார். ஹத்தாபுக்கு எழுபத்தாறு. நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுகிறார். ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவார். கூட்டம் மிச்சத்தைப் பாடும். அவர் தண்ணீர் குடிப்பார். அடுத்த பாட்டு. திரும்பி வரும்போது பஹீஜாவால் பொறுக்க முடியவில்லை.

"பாடினது பூரா நாமதானே மனுஷா. அவரு எங்க பாடினாரு?"

"அதான் பஹீஜா அவரோட பெருமை" என்றார் அல்லால், குரல் கட்டிப்போய், முகமெல்லாம் வெளிச்சமாக. இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது.

இதெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். பழக முடியாத ஒன்று போன சித்திரை வாக்கில் நடந்தது.

மகள் கிஸ்லானுக்கு இருபத்தொன்பது வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. டிராம் பணிமனையில் இன்ஜினியராக இருக்கும் அனஸ் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனும் நல்ல பையன், அல்லாலுக்கும் பிடித்திருந்தது. ஒரு ஞாயிறு மதியம் அனஸின் பெற்றோர் முஹம்மதியாவிலிருந்து பெண் கேட்க வந்தார்கள். அப்பா தாமி, இரும்புக் கடை வைத்திருப்பவர், கட்டை மீசை, கணீரென்ற குரல். அம்மா ஸுஹூர், மெதுவாகப் பேசுகிற அம்மாள். வழக்கப்படி பால், பேரீச்சம்பழம், மருதாணி, தாள் சுற்றிய ஆறு சர்க்கரைக் கூம்புகள். எல்லாவற்றையும் நடு மேஜையில் வைத்தார்கள்.

இரண்டு அப்பாக்களும் மரியாதைக்கு 'ஸி' போட்டு அழைத்துக்கொண்டு, பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் முஹம்மதியா சாலை ரவுண்டானாவைக் கட்டியவன் மேல் ஒரே மாதிரிக் கோபம். இருவருக்கும் தேநீரில் ஒரே அளவு புதினா. பஹீஜாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாத்திஹா ஓதிவிட்டால் நிச்சயம் முடிந்தது. ஓதுவதற்குக் கையை ஏந்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது அல்லாலின் தொலைபேசி அடித்தது.

அடித்தது என்றால், 'துறைமுக வாசல்' இரண்டாவது சரணத்திலிருந்து பாடியது. தாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஸி அல்லால்! இது... உப்புப் பறவைகள் இல்ல?"

"உங்களுக்குத் தெரியுமா ஸி தாமி?"

"தெரியுமாவா? எழுபத்தொன்பதுல துறைமுக மைதானத்துல நான் முதல் வரிசை!"

"நான் விளக்குக் கம்பத்து மேல!"

இரண்டு பேரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாலு கன்னத்திலும் முத்தம். ஸுஹூர் அம்மாள் சிரித்தாள். கிஸ்லான் அனஸைப் பார்த்தாள். அழைத்தவர் யாரோ பொறுமைசாலி, வைக்கவே இல்லை. சரணம் முடிந்து பாட்டு நின்றது. அமைதி. அப்பாக்கள் இருவரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி இளித்துக்கொண்டு கையை ஓங்கினார்கள். தாமி தட்டினார். அவர் தட்டி, அது அடங்கிய பிறகு, அல்லால் தட்டினார்.

பஹீஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலா?" என்றார் அல்லால்.

"அஞ்சா?" என்றார் தாமி.

கட்டிப்பிடித்த கைகள் தானாக விலகின. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று தாமிதான் ஆரம்பித்தார். "நாலு வரைக்கும் எண்ணத் தெரியாத பாடகன். அவனுக்கு ஒரு கூட்டம்."

"எங்க ஆளுக்கு எண்ணத் தெரியல, சரி. செத்தவன் மூச்சு மேலயே கிதாரை மீட்டறீங்களே, உங்க ஆளுக்கு வெக்கமா இல்லையா?"

"மூச்சா? குச்சியை விட்டுட்டான்யா! குனிஞ்சு எடுத்தான். குண்டு மனுஷன், மூச்சு வாங்கிச்சு!"

"மாத்தி கையில குச்சி நழுவுமா? மாத்தி கையிலயா?"

"அப்பா" என்றாள் கிஸ்லான். "அப்பா" என்றான் அனஸ். இரண்டு அப்பாக்கள் காதிலும் ஏறவில்லை. வஹ்பி ஹோட்டல் மேடையில் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும்போது வாசிக்கிறவர் என்று ஒருத்தர் சொன்னார். ஹத்தாப் பாடுவதே இல்லை, தண்ணீர்தான் குடிக்கிறார் என்று மற்றவர் சொன்னார். பஹீஜாவுக்கு அந்த நேரத்திலும் அது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் தாமி எழுந்தார். பாலை விட்டார், பழத்தை விட்டார். சர்க்கரைக் கூம்பு ஆறையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். கொண்டுவந்த சர்க்கரையைத் திரும்ப எடுத்துப் போவதை அந்தக் கட்டடத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று மாடி இறங்கும்வரை ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து திறந்து மூடியது. ஸுஹூர் அம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டே, "மன்னிச்சுக்கோ லல்லா, மன்னிச்சுக்கோம்மா" என்று பஹீஜாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு கிஸ்லான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பஹீஜாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, பரிசோதனை முடிவை வாசிக்கிற குரலில் பேசினாள்.

"அப்பா, எனக்கு இருபத்தொன்பது வயசு. நான் ஒருத்தனைப் பாத்து, பிடிச்சு, உங்ககிட்ட வந்து சொன்னேன். குடிகாரனா? இல்ல. திருடனா? இல்ல. அவங்கப்பா சீக்கிரம் கை தட்டிட்டாரு. அவ்வளவுதானே?"

"சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்னு உனக்குப் புரியல கண்ணு..."

"புரியல. புரியவும் வேணாம்."

எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரிடம் பேச்சே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டாள். பஹீஜா அவளுக்கும் சேர்த்துப் பேசினாள். காலையில் தொடங்கினால், சிக்னலில் ஐந்து எண்ணும் வண்டியைப் பற்றி வந்த புகார்வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுத் திட்டினாள். "மனுஷா, அந்தாளு செத்து நாப்பது வருஷமாச்சு! அவன் பொண்டாட்டியே வேற கல்யாணம் பண்ணிப் பேரன் பேத்தி எடுத்துட்டா! நீ மட்டும் என்னத்துக்கு உக்காந்து துக்கம் காக்கறே? பெத்த பொண்ணு வாழ்க்கை பெரிசா, செத்தவன் மூச்சு பெரிசா?"

அல்லால் ஹரீரா சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் எதிர்த்துப் பேசுவார். அன்றைக்குத் தணிந்த குரலில் பேசினார்.

"நான் மீன் துறையில பெட்டி தூக்கிட்டிருந்தேன் பஹீஜா. பதினெட்டு வயசு. எவனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. சாயங்காலம் அந்த ஷெட் வாசல்ல இருந்த கம்பத்துல சாஞ்சு நின்னு கேப்பேன். ஒருநாள் மாத்தி என்னைப் பாத்து, 'ஏய் கம்பத்துக்காரா, எங்க தட்டணும்னு உனக்குத்தான் தெரியுது, நீ தட்டு, நான் ஆரம்பிக்கறேன்'னான். மறுநாள்தான் கேசட் பதிவு பண்ணாங்க. அவன்னு சொல்ல இப்ப மிச்சம் இருக்கறது அந்த ஒரு மூச்சுதான். அதையும் கைதட்டி மூடிட்டா, அவன் இருந்ததுக்கு என்ன அடையாளம்?"

முப்பத்து நான்கு வருஷத்தில் இந்தக் கதையை அவர் பஹீஜாவிடம் சொன்னதே இல்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக அவள் மேலேயே அவளுக்கு எரிச்சலும் வந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அதைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக் கழுவினாள்.

பத்தாம் நாள் ஸுஹூர் அம்மாளே தொலைபேசியில் வந்தாள்.

"இங்கயும் இதே கூத்துதான் லல்லா பஹீஜா. பையன் பொறந்தப்ப வஹ்பின்னு பேர் வெக்கணும்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதாரு என் வீட்டுக்காரரு. நான் ஒத்துக்கல. அந்தக் கோபமே இன்னும் ஆறல."

"எங்க தேனிலவுக்கு டிரம்ஸ்காரரும் வந்தாரு லல்லா" என்றாள் பஹீஜா.

இரண்டு பெண்களும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பாதி நேரம் சிரித்தார்கள், பாதி நேரம் மூக்கை உறிஞ்சினார்கள். வரும் ஞாயிறு மதியம் மறுபடி வருவதென்று முடிவானது. தாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஸுஹூர் அதைக் கூசிக் கூசிச் சொன்னாள். "'நான் வர்றேன். ஆனா அந்த வீட்டுல என் காதுல அஞ்சு எண்ணித் தட்டற சத்தம் விழுந்துச்சுன்னா, அப்பவே சர்க்கரையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் எந்த ஜென்மத்துக்கும் அந்தப் படி ஏற மாட்டேன்'கறாரு. செய்யக் கூடியவரு லல்லா. சொந்தத் தம்பி அஞ்சு கட்சின்னு அவன் கல்யாணத்துக்கே போகல."

பஹீஜா இதை அப்படியே அல்லாலிடம் சொன்னாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "தட்டு விழாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் அவளுக்கு நம்பிக்கை வராது.

ஞாயிற்றுக்கிழமை அவளே எல்லா ஏற்பாட்டையும் செய்தாள். ஜாக்கெட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வெள்ளை ஜெல்லாபா அங்கியை அவருக்கு மாட்டிவிட்டாள். தொலைபேசியை அணைத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். ஹெட்போன், கேசட் டப்பா, சுவரில் மாட்டியிருந்த சுவரொட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. சுவரொட்டி இருந்த இடம் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. அங்கே ஓடாத கடிகாரத்தை மாட்டினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். தாமி சர்க்கரைக் கூம்புகளை மேஜைக்குக் கொண்டுவரவில்லை. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அல்லால் எதிர்ப்பக்க நீள இருக்கையில். கிஸ்லான் பச்சை உடுப்பில் அம்மாவின் அறை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அனஸ் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டே இருந்தான்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள். தீர்ந்தது. மத்தி மீன் பற்றிப் பேசினார்கள். அதுவும் தீர்ந்தது. ரவுண்டானாவைப் பற்றிப் போன முறையே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளும் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச வேறொன்றுமே இல்லையே இந்த ஜென்மங்களுக்கு என்று பஹீஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேநீரை ஊற்றிவிட்டு, பாதாம் பணியாரத் தட்டை எடுக்க சமையலறைக்குப் போனாள்.

தட்டோடு திரும்பியபோது காதில் அது விழுந்தது. தாமி தேநீர்க் குவளையை விரலால் உருட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, தனக்கே தெரியாமல் முனகிக்கொண்டிருந்தார்.

"வாசலைத் திற காவல்காரா, அலை வந்து நிக்குது..."

அல்லாலின் கால் கட்டைவிரல் அசைந்தது. பஹீஜா அவரை முறைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலை நிறைய உப்பு, வாய் நிறைய பேரு..." என்று அடுத்த வரி அவர் தொண்டையிலிருந்து வந்தது.

தாமி முனகலை நிறுத்தவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் வரியை இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள். தாமிக்கு நல்ல குரல். அல்லாலுக்குக் குரலே கிடையாது, ஆனால் எங்கே தணிய வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒருத்தர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் தனித்தனியே பாடிய இரண்டு கிழவர்கள், பிறந்ததிலிருந்து ஒன்றாகப் பாடுகிறவர்கள் மாதிரி பாடினார்கள். முதல் சரணம் முடிந்தது. முனகல் பாட்டாகிவிட்டது. தாமியின் தலை ஆடியது. இரண்டாவது சரணத்தில் ஏறினார்கள்.

ஸுஹூர் அம்மாள் பயந்துபோய் பஹீஜாவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், சரணம் முடிந்தால் என்ன வரும் என்று. அனஸ் எழப் பார்த்தான், அவன் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கிஸ்லான் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் பார்வை அப்பாவின் கைகள் மேல் இருந்தது.

தட்டைக் கீழே போட்டுவிடலாமா என்று பஹீஜா நினைத்தாள். பெரிய பீங்கான் தட்டு, விழுந்தால் நாலாவது என்ன, ஐந்தாவது என்ன, எதுவும் யார் காதிலும் விழாது. போட்டிருப்பாள். ஆனால் அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோது விரல் தளரவில்லை. மீன் துறையில் பெட்டி தூக்கிக்கொண்டு ஷெட் வாசலில் நின்ற பையனை அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. உன்னைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு போதும், என் பெண்ணுக்காக இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை மனுஷா என்று அவள் உள்ளம் அவரைத் திட்டிக்கொண்டே கெஞ்சியது.

சரணம் முடிந்தது. இருவரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

கூடம் முழுக்க அமைதி. இந்தப் பாழாய்ப்போன எண்ணிக்கையை இனி எண்ணுவதில்லை என்று எத்தனையோ தடவை சபதம் போட்டவள், பஹீஜா, எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு. தாமியின் உள்ளங்கை முழங்காலில் பளீரென்று இறங்கியது.

எல்லோரும் அல்லாலைப் பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்து ஐந்தைச் சொன்னது, சத்தம் வரவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின் மேல் போட்டு, அழுத்தி உட்கார்ந்திருந்தார்.